மாஸ்டரின் வலது கால்

போன வாரம் இந்தத் தொடரில் அந்தப் பெண்ணை அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன் என்று ஏகப்பட்ட பேருக்கு என்மேல் கோபம். “ஏழு நாளா நிக்கிறாளே, கால் வலிக்காதா?” என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான். முதலில் அவளை அங்கிருந்து நகர்த்துவோம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. அவளை வீட்டில் ‘ரிவர்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கைக்குழந்தையாகத் தவழ ஆரம்பித்தபோது முன்னால் வராமல் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாளாம். அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவர் வாயில் வேறென்ன பெயர் வரும்.

ரிவர்ஸுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். அதற்குப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதியாக வேண்டும். போன வருடம் எழுபத்தைந்து வாங்கியவர்களுக்கு இடம் கிடைத்தது. இவள் எழுபத்திரண்டு. ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் எழுதக் கூடாது என்பது சட்டம். ஆக, பதினேழாம் தேதி எழுதப் போவதுதான் அவளுக்குக் கடைசி. இன்று தேதி ஆறு.

சரி, பலகையைப் பார்த்துவிடலாம்.

பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வு முடிவு. மொத்தம் நூறு. ரிவர்ஸின் எண்ணுக்கு நேராக ஐம்பத்திரண்டு என்று போட்டிருந்தது.

அவள் எண்ணைச் சரிபார்த்தாள். வரிசையில் கை வைத்து இழுத்துப் பார்த்தாள். பக்கத்து எண்ணின் மதிப்பெண்ணைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ள முடியுமா என்றுகூட ஒரு நொடி யோசித்தாள். ஐம்பத்திரண்டு நகரவில்லை.

கவுண்டரில் இருந்தவர் விடைத்தாளை நீட்டினார்.

“அண்ணா, இது திருத்தினதுல ஏதாவது தப்பு இருக்குமா?”

“மெஷின் திருத்துதும்மா. அதுக்கு உன்மேல கோபமே கிடையாது,” என்றார் அவர்.

அவளுக்கு அழுகை வரவில்லை. குழப்பம்தான் வந்தது. இரண்டு மாதமாக வீட்டில் தினம் ஐம்பது கேள்வி. அப்பா கேட்பார், இவள் சொல்வாள். தொண்ணூற்றுக்குக் கீழே ஒரு நாளும் இறங்கியதில்லை. நேற்றுகூடத் தொண்ணூற்று நாலு சதவீதம். அந்தத் தொண்ணூற்று நாலு ராத்திரியோடு ராத்திரியாக எங்கே போய்விட்டது?

*

“ஏறு, பின்னாடி உக்காரு. டாக்டருக்கு இன்னிக்கு ரவுண்டானா,” என்றார் அப்பா. மணி ஒன்றரை, கார் பயிற்சி மைய வாசலில் நின்றிருந்தது.

ஊரில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். இருபத்தொரு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிழைக்கிறவர். அவர் காலடியில் ஒரு பிரேக் தனியாக இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் மிதிப்பதற்கு. மாஸ்டரின் காரில் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை அதிகம். கொஞ்சம் விட்டால் வழியில் போகிறவரை நிறுத்திச் சொல்லுவார்.

ஓட்டிக்கொண்டிருந்தவர் பல் டாக்டர். அடுத்தவர் வாயில் துரப்பணத்தை விடும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைப் பிடித்ததும் நடுங்கும்.

“டாக்டர், முன்னாடி சைக்கிள்.”

“பார்த்துட்டேன் மாஸ்டர்.”

கார் அழகாக மெதுவானது. சைக்கிள் தப்பித்துப் போனது. டாக்டர் பார்க்கவே இல்லை என்பது பின்னால் இருந்த ரிவர்ஸுக்குத் தெரிந்தது. அவர் கண் அந்த நேரம் வலது பக்கம் இருந்த மருந்துக்கடைப் பலகையில் இருந்தது. ஆனாலும் கார் மெதுவானதே. அது எப்படி என்று யோசிக்கிற மனநிலையில் அவள் இல்லை.

“நல்லா வருது டாக்டர். கை நல்லா பழகிடுச்சு.”

“அப்புறம் ஏன் மாஸ்டர் டெஸ்ட்ல மட்டும் சொதப்பறேன்? ரெண்டு தடவை ஆயிடுச்சு. போன தடவை நேரா போய் டெஸ்ட் மைதானத்துல நிக்கிற டிரம்முல இடிச்சேன்.”

“அது டெஸ்ட் பயம். மனசு சம்பந்தப்பட்டது. நம்ம கையில ஒண்ணும் இல்ல.”

எதிரே ஒரு நீல நிறக் கார் வந்தது. மாஸ்டரின் முகம் சுருங்கியது. அவருடைய ஓட்டுநர் பள்ளிக்கு நேர் எதிரே மூன்று வருடத்துக்கு முன்னால் அதே தொழிலில் கடை விரித்த அம்மாளின் கார் அது. அந்த அம்மாள் பக்கத்து இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, வேர்க்கடலை தின்றுகொண்டு போனார். ஓட்டியவர் தலையில் துணி சுற்றிய யாரோ ஒரு பெண்மணி. இந்தக் காரைக் கண்டதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது போல இருந்தது.

“பாருங்க டாக்டர் அந்த அழகை. ஒருத்தி உயிரக் கையில பிடிச்சிக்கிட்டு ஓட்டறா, இவ கடலை கொறிக்கிறா. கால் எங்க இருக்கு பாருங்க. பொறுப்புன்னு ஒண்ணு வேணாமா?”

நீலக் கார் ரவுண்டானாவைச் சுற்றி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அதை மாஸ்டர் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்று சொன்னால் இன்னும் சரி.

“ரிசல்ட் என்னாச்சு ரிவர்ஸ்? தொண்ணூறா, அதுக்கு மேலயா?”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

“அம்பத்திரெண்டுப்பா.”

நடுரோட்டில் கார் செத்து நின்றது. பின்னால் வந்த மூன்று வண்டிகளும் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டன.

“மாஸ்டர், நான் மிதிக்கல,” என்றார் டாக்டர் பயந்துபோய். “சத்தியமா நான் மிதிக்கல.”

*

மத்தியானம் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பொய் சொல்லக் கூடாது. மாஸ்டர் இரண்டு தட்டு சாப்பிட்டார். கவலை வந்தால் அவருக்குப் பசிக்கும். சாப்பிட்டுவிட்டு ஒரு பெரிய வெள்ளைத்தாளை எடுத்து, அளவுகோல் வைத்துக் கோடு போட ஆரம்பித்தார்.

“என்னப்பா இது?”

“டைம் டேபிள். காலைல நாலு மணிக்கு எழுந்திருக்கற. ராத்திரி பத்து வரைக்கும் படிக்கற. குளிக்க, சாப்பிட எல்லாம் போக பதினாறு மணி நேரம் வருது. பதினோரு நாளுக்கு நூத்தி எழுபத்தாறு மணி நேரம். எவன் தடுக்கறான்னு பார்ப்போம்.”

ரிவர்ஸ் தன் உயிரியல் புத்தகத்தைப் பார்த்தாள். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று நாலு நிறத்தில் பூசியிருந்தாள். முக்கியமானதற்கு மஞ்சள், மிக முக்கியமானதற்கு இளஞ்சிவப்பு. இப்போது புரட்டிப் பார்த்தால் பூசாத வரி என்று ஒன்றைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. மூடினால் நிறம் மட்டும்தான் ஞாபகம் வந்தது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

மூன்று மணிக்கு அம்மா வந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். தோளைத் தளர்த்துங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடலாம். ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் இதைச் சொல்லிவிட்டு வருவாள். இப்போதெல்லாம் செவ்வாயும் வெள்ளியும் கூடுதல் வேலை என்று ஒரு மணி நேரம் தாமதம். இன்று வெள்ளி.

பையை வைத்தாள், கை கழுவினாள், மகள் முகத்தைப் பார்த்தாள்.

“எவ்வளவு?”

“அம்பத்திரெண்டு.”

அம்மா விடைத்தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எந்தக் காகிதத்தையும் அவள் அப்படித்தான் பார்ப்பாள். கரண்ட் பில்லைக்கூட.

“டெஸ்ட் பயம்,” என்றார் மாஸ்டர், கோடு போடுவதை நிறுத்தாமல். “அந்த ஹாலும் சரியில்ல. ஃபேன் சத்தம் ஜாஸ்தி. வீட்ல தொண்ணூத்தி நாலு வாங்கற பொண்ணு.”

“போன வருஷம் தனியா படிச்சா. எழுபத்திரெண்டு வந்துச்சு,” என்றாள் அம்மா மெதுவாக. “இந்த வருஷம் நீங்க கூட உக்காந்தீங்க. அம்பத்திரெண்டு வந்திருக்கு.”

அளவுகோல் நின்றது.

“அப்ப என்னாலதான்னு சொல்றியா?”

“நான் ஒண்ணும் சொல்லல. தினமும் கேக்கறீங்கல்ல, அதே மாதிரி எனக்கு முன்னாடி ஒரு தடவை கேளுங்க. நான் பார்த்ததே இல்ல. நீங்க உக்காரற நேரம் நான் அடுப்படியில இருப்பேன்.”

*

சாப்பாட்டு மேசை. இந்தப் பக்கம் ரிவர்ஸ், அந்தப் பக்கம் மாஸ்டர், நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர். மாஸ்டர் கையில் பழைய கேள்விகள் அடங்கிய கனத்த புத்தகம். விடைப் பக்கத்தில் ஒரு விரல் வைத்திருந்தார். அம்மா கொஞ்சம் தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து, பார்க்காத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“குளுக்கோஸை முதல்ல உடைக்கிற வேலை செல்லுக்குள்ள எங்க நடக்குது? உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, சைட்டோபிளாசம், ரைபோசோம்.”

“மைட்டோ…” என்று இழுத்தாள் ரிவர்ஸ். அரை நொடி நின்றாள். “இல்ல, சைட்டோபிளாசம்.”

“சபாஷ். அடுத்தது.”

அடுத்ததும் அப்படியே. ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், சரியான விடை. மாஸ்டரின் வாய் கல்லு மாதிரி இருந்தது. கண் புத்தகத்தை விட்டு நகரவில்லை. பத்துக்குப் பத்து.

“பார்த்தியா?” என்றார். “நான் ஒரு வார்த்தை சொன்னேனா? கண் ஜாடை காட்டினேனா?”

அம்மா மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தாள். நிமிர்ந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர வர ஒரு சிரிப்பு.

“என்னம்மா?”

“ஐயோ கடவுளே. கால். உங்கப்பா கால்.”

மேசையின் குறுக்குக் கட்டையில் மாஸ்டரின் வலது கால் இருந்தது. பெருவிரல் இன்னும் அழுத்தியபடியே இருந்தது.

“மகள் தப்பான பதில ஆரம்பிச்சா பிரேக் போடறீங்க. மேசை ஆடுது. தண்ணி அலையுது. அவ நிறுத்தி வேற பதிலுக்குப் போயிடறா.”

“சும்மா இரு. கால் எங்கயோ பட்டிருக்கும்.”

“அப்படியா? சரி, இன்னும் பத்து கேளுங்க.” அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு மேசைக்கு அருகே வந்து உட்கார்ந்து, தன் இரண்டு கால்களையும் அவர் வலது கால்மேல் வைத்துக்கொண்டாள். “அசையாதீங்க.”

மாஸ்டர் கேட்டார். ரிவர்ஸ் சொன்னாள். மூன்றாவது கேள்வியில் அவள் பாதியில் நின்று காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது. பிறகு கேட்டதெல்லாம் குத்துமதிப்பாகத்தான் சொன்னாள்.

பத்துக்கு ஐந்து.

பாவம் மாஸ்டர், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தன் காலைப் பார்த்தார். வேறு யாருடைய காலோ தன் உடம்பில் இருப்பது போலப் பார்த்தார்.

“எனக்குத் தெரியும் இந்தக் காலை,” என்றாள் அம்மா. இப்போது அவள் சிரிக்கவில்லை. “ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தீங்க. உங்க பக்கத்துல நான் ராணி மாதிரி ஓட்டினேன். டெஸ்ட்ல மூணு தடவை ஃபெயில். மூணு தடவையும் எனக்குத்தான் துப்பில்லன்னு நினைச்சு, ஸ்டியரிங்கையே தொடறதில்லன்னு விட்டுட்டேன். ஒன்பது வருஷமா பஸ்ல தொங்கிக்கிட்டு வேலைக்குப் போறேன்.”

“அன்னிக்கு ஏன் சொல்லல?”

“அன்னிக்குத் தெரியாதே. வண்டியில மேசையும் இல்ல, டம்ளரும் இல்ல.”

ரிவர்ஸ் நாற்காலியை விட்டு எழுந்தாள். முகம் சிவந்துவிட்டது.

“அப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாது. அதானே? ரெண்டு மாசமா நான் அப்பா கால்ல இருந்து காப்பியடிச்சிருக்கேன். இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு. இது போச்சுன்னா அவ்வளவுதான், மறுபடி எழுத விடமாட்டாங்க. மாட்டு டாக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

அழுதாள். மாஸ்டருக்கு எழுந்து போய்த் தலையைத் தடவ வேண்டும் போல இருந்தது. ஆனால் இன்றைக்குத் தான் எதைத் தொட்டாலும் அது பிரேக் ஆகிவிடுமோ என்று பயந்து உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதரைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

“இங்க பாரு,” என்றாள் அம்மா. “பத்துல அஞ்சு சொன்னல்ல. அந்த அஞ்சு யார் கால்? உன்னுதுதான். ஒண்ணும் தெரியாதுன்னு இல்ல. எது தெரியும், எது தெரியாதுன்னு உனக்குத் தெரியாது, அவ்வளவுதான். கை வலிக்குதுன்னு வர்றவங்களுக்கு நாங்க கை முழுக்கக் கட்டுப் போடறதில்ல. முதல்ல படம். எங்க விரிசல்னு பார்க்கணும். உன் புத்தகத்தப் பாரு. முழுக்கக் கட்டுப் போட்டு வச்சிருக்க.”

நாலு நிறத்தைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று ரிவர்ஸுக்குப் புரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

“போன வருஷத்துக்கு முந்தின வருஷ பேப்பர் இருக்காம்மா நம்மகிட்ட?”

“அலமாரில இருக்கு. நீ தொட்டதே இல்ல. கடைசி வாரத்துக்குன்னு பத்திரப்படுத்தி வச்சிருக்க.”

“அதக் குடு.”

*

நாலு மணிக்கு அறைக் கதவு மூடியது. செல்போன் அம்மாவின் பையில். மேசைமேல் கேள்வித்தாள், பென்சில், கடிகாரம். ஹைலைட்டர்கள் நாலும் வெளியே அப்பாவின் சட்டைப்பையில் கிடந்தன. விடைப் பக்கத்தை அம்மா கிழித்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு மணி நேரம். கூடத்தில் மாஸ்டர் உலாத்தினார். தண்ணீர் குடித்தார். கதவிடம் போய்க் காது வைத்தார்.

“சத்தமே இல்லையே. தூங்கிட்டாளோ?”

“எழுதறா. நீங்க உக்காருங்க.”

“ஒரு தடவை மெதுவா எட்டிப் பார்க்கட்டா?”

“கால நீட்டினா அந்தக் காலுக்கு நானே படம் எடுப்பேன்.”

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. அம்மா திருத்தினாள். அறுபத்தாறு. மாதிரித் தேர்வில் வந்ததைவிடப் பதினான்கு அதிகம், வேண்டியதற்கு ஒன்பது குறைவு. ரிவர்ஸ் அந்த எண்ணைப் பார்த்துத் துவண்டுபோவாள் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். அவளோ ஒரு புது நோட்டை எடுத்துத் தப்பான முப்பத்து நாலை மட்டும் எழுதினாள். பக்கத்தில், ஏன் தப்பானது என்று ஒரு வரி. எழுதி முடித்தபோது முப்பத்து நாலில் பதினொன்று, கேள்வியைச் சரியாகப் படிக்காததால் போனவை என்று தெரிந்தது. ‘தவறானது எது’ என்று கேட்டிருந்தால் இவள் சரியானதை எழுதியிருந்தாள். இன்னும் ஒன்பது, கணக்கில் அவசரம். நிஜமாகவே தெரியாதவை பதினான்குதான்.

“பதினாலு. நான் மொத்தப் புத்தகமும் போச்சுன்னு நினைச்சேன்,” என்றாள்.

மாஸ்டரின் டைம் டேபிள் திருப்பிப் போடப்பட்டது. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் ரிவர்ஸ் அதிலேயே தன்னுடையதை எழுதினாள். காலை, தேர்வு நடக்கிற அதே பத்து மணிக்கு ஒரு பழைய கேள்வித்தாள், கடிகாரம் வைத்து. பிறகு தப்பு நோட்டு. மத்தியானம் ஒரு பாடம் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் ஞாபகம் இருப்பதை எழுதிப் பார்ப்பது. விட்டுப்போனதை மட்டும் திறந்து பார்ப்பது. இன்று தப்பானதை நாளை மறுநாள் ஒரு தடவை, நாலு நாள் கழித்து ஒரு தடவை. ஒரே பாடத்தை நாள் முழுக்க மெல்லாமல் உயிரியலுக்கு நடுவில் வேதியியல், கணக்கு. பத்து மணிக்குத் தூக்கம். இதை மட்டும் அடிக்கோடிட்டாள்.

“இதுல பதினாறு மணி நேரமே வரலையே,” என்றார் மாஸ்டர் கவலையாக.

“எட்டுதான் வரும்ப்பா.”

“சரி. இதுல நான் எங்க?”

அந்தக் கேள்வியை அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் ரிவர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு மாதமாகக் கடைசி வகுப்பை முடித்த கையோடு, சட்டைகூட மாற்றாமல் தனக்காக வந்து உட்கார்ந்த அப்பா. அவரை வெளியே நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை.

“நீங்க சாயந்திரம் தினமும் பத்து கேள்வி கேளுங்க. விடை உங்க கையிலேயே இருக்கட்டும். ஆனா பத்தும் முடியறவரைக்கும் சரியா தப்பான்னு சொல்லக் கூடாது.”

“வாயைக் கட்டிடலாம். கால என்ன பண்றது?”

“மேல ஏத்துங்க.”

மாஸ்டர் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலி அதற்கு ஏற்றதில்லை. முட்டி இரண்டும் இரண்டு பக்கம் துருத்திக்கொண்டு நின்றன. புத்தகத்தைப் பிரித்தார்.

முதல் மூன்றையும் அவள் தயங்காமல் சொன்னாள்.

“நாலு. நுரையீரல்ல இருந்து ஆக்ஸிஜன் உள்ள ரத்தம் இதயத்துக்கு எது வழியா வருது?”

“நுரையீரல் தமனி.”

தப்பு. விடைப் பக்கத்தில் சிரை என்று இருந்தது. மாஸ்டரின் வலது முட்டி ஒரு தடவை துள்ளியது. அவர் அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வேர்த்தது. வண்டி நேராகச் சுவரைப் பார்த்துப் போகிறது, மிதிக்க ஒன்றும் இல்லை. இருபத்தொரு வருடத்தில் அவர் இப்படி உட்கார்ந்ததே இல்லை.

“அடுத்தது,” என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

ஐந்து. ஆறு. ஏழாவதைக் கேட்க வாயெடுத்தபோது ரிவர்ஸ் கையைத் தூக்கினாள்.

“அப்பா, இருங்க. நாலாவது தப்பு. சுத்த ரத்தம்னதும் தமனின்னு சொல்லிட்டேன். ரத்தம் சுத்தமா இல்லையாங்கறது இல்ல விஷயம். இதயத்துல இருந்து போனா தமனி, இதயத்துக்கு வந்தா சிரை. நுரையீரல் சிரை. மாத்திக்கறேன்.”

மாஸ்டர் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் இறக்கவே இல்லை.

“சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்ன,” என்றார் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து. மூக்கடைத்த குரல்.

பத்துக்கு எட்டு. சொந்தக் கால் எட்டு. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரை நாளைக்கே கூப்பிட்டு, பக்கத்து இருக்கையில் சம்மணம் போட்டு உட்காரப்போவதாகச் சொன்னார். டாக்டர் டிரம்மில் இடித்தால் இடிக்கட்டும் என்றார். பிறகு டிரம் சரி, கார் என்னுது என்று நினைவு வந்து கொஞ்சம் யோசித்தார்.

“பதினேழாம் தேதி நானே கொண்டுபோய் விடறேன் ரிவர்ஸ். எட்டரைக்குக் கிளம்பினா போதும். ஏம்மா, நீயும் லீவு போட்டுடு. மூணு பேரும் போகலாம்.”

“லீவு போட்டாச்சு,” என்றாள் அம்மா. “ஆனா உங்ககூட வர முடியாது. அன்னிக்கு எட்டரைக்கு எனக்கும் ஒரு பரீட்சை இருக்கு.”

“உனக்கென்ன பரீட்சை?”

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கான நேரச் சீட்டு. அதன் மூலையில் பயிற்சி கொடுத்த பள்ளியின் முத்திரை இருந்தது. நீல மை.

மாஸ்டர் முத்திரையைப் படித்தார். செவ்வாய், வெள்ளி, கூடுதல் வேலை. தலையில் துணி. முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண்மணி. ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. வலது கால் சம்மணத்திலிருந்து கழன்று தரையை நோக்கி இறங்க ஆரம்பித்தது.

“அசையாதீங்க,” என்றாள் அம்மா.

கால் பாதியில் நின்றது.

“அந்தக் கடலைக்காரியா?”

“ரவுண்டானால பார்த்தீங்கல்ல. எப்படி ஓட்டினேன்?”

மாஸ்டர் பார்க்கவில்லையே. மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அன்றைக்கு இரண்டு பேருக்கும் பரீட்சை. இரண்டு பேர் பக்கத்திலும் அவருக்கு இருக்கை கிடையாது.

“அப்ப அன்னிக்கு நான் எங்க உக்காரறது?” என்று கேட்டார்.

கையிலிருந்த விடைப் பக்கத்தை அவர் இன்னும் விடவில்லை. ஆனால் அதில் இந்தக் கேள்விக்கு ஒன்றும் போட்டிருக்கவில்லை.